செங்கோல் வாங்கிய கதை

கோல் என்பது தமிழிலே பெருவாழ்வு பெற்ற சொற்களுள் ஒன்று. அரசன் கையில் அது செங்கோல். வணிகன் கையில் துலாக்கோல். தச்சன் கையில் அளவுகோல். முதியோன் கையில் ஊன்றுகோல். புலவன் கையில் எழுதுகோல். என் கையில் நெடுங்காலம் இருந்தது பிரப்பங்கோல். மாணாக்கரை அடித்தலாகாது என்ற சுற்றுநிருபம் வந்த பின்னர் அதனைக் கைவிட்டு, வெண்கட்டியொன்றே துணையாகக் கற்பித்து வருகின்றேன். இனி வேறொரு கோல் என் கைக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை. ஆயின் ஐம்பத்தாறாம் வயதில் ஒரு கோல் வந்தது. அது பந்தை அடிக்கும் கோல். அதனைப் பெற்ற கதையை வாசகருக்குச் சொல்லுதல் தகும் என்று எண்ணுகின்றேன். என் பழைய பிழையொன்றும் அக்கதையில் அடங்கியிருக்கின்றது.

பண்டத்தரிப்பில் எங்கள் குறிச்சிச் சனசமூக நிலையத்துக்கு, வெளிநாட்டில் வாழும் எம்மூர் அன்பரொருவரின் உதவியால், பில்லியட் மேசையொன்று வந்து சேர்ந்தது. எட்டடி நீளமும் நாலடி அகலமும் உடையது. பச்சைக் கம்பளி போர்த்தது. ஆறு குழிகள், எண்ணிட்ட பந்துகள் பதினைந்து, அவற்றை அடித்தோட்டும் வெண்பந்து ஒன்று. அமெரிக்க நாட்டிலே பெருகி வளர்ந்த ஆட்டம் இது. மேசை வந்த அன்றே ஊரில் வழக்கும் வந்தது.

முதியோர் சிலர் இதனை உள்ளே விடுதலாகாது என்றனர். ஒருவர் திருக்குறளிலே சூது என்றோர் அதிகாரம் உண்டென்பதை எனக்கே நினைவூட்டினார். அவர் அச்சம் ஆதாரமற்றது என்று சொல்லவொண்ணாது. இவ்வாட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே, ஆடுவோர் கூட்டிவைத்த பந்தயப் பணத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். மற்றொருவர், ‘இது அந்நியருடைய ஆட்டம், எமக்கேன்?’ என்றார். இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, நான் எதிர்பாராத செய்திகள் பல கிடைத்தன.

இவ்வாட்டத்தின் உடன்பிறப்பாகிய ஸ்னூக்கர், 1875ஆம் ஆண்டிலே இந்தியாவின் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் படையதிகாரியால் தொடங்கப்பெற்றது. பின்னாளில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்த அப்பெயரினர் வேறொருவர். அதன் விதிகள் 1880களில் ஒழுங்குபெற்ற இடம் தமிழ்நாட்டின் நீலகிரி மலைமேலுள்ள உதகமண்டலத்துக் கழகம். 1958இல் கல்கத்தாவில் நடந்த உலகப் பில்லியட் போட்டியில் இந்தியரான வில்சன் ஜோன்ஸ் வாகை சூடினார். 1973இல் பம்பாயில் அதே பட்டத்தை வென்றவர் எம் இலங்கையைச் சேர்ந்த எம். ஜே. எம். லாபிர். இந்நாட்டவரொருவர் உலக வாகையராய்த் திரும்பிய ஆட்டத்தை அந்நியம் என்று எங்ஙனம் ஒதுக்குவது? மேலும், 1820ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் வந்து மருத்துவப் பணி புரிந்த ஊர் எங்கள் ஊர். கடல் கடந்து வந்த பொருளை நிறுத்துப் பார்த்து, நல்லதைக் கொள்ளும் பழக்கம் எமக்குப் புதிதன்று.

முடிவிலே உடன்பாடு பிறந்தது. மேசையருகே காசு புழங்கலாகாது. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்தல் வேண்டும். நிலையத் தலைவனாகிய நான் மாலைதோறும் அங்கே கதிரையிட்டு அமர்ந்து கண்காணித்தல் வேண்டும். ஒரு மாதம் கண்காணித்தேன். இரண்டாம் மாதம் கதிரையை விட்டெழுந்து ஒரு கோலைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான்!

மேசையுடன் வந்த கோல்கள் நான்கு. அவ்வாண்டுக் கார்த்திகை மழையில் நிலையத்துக் கூரை ஒழுகிற்று. சுவரிற் சார்த்தியிருந்த கோல்கள் நீரைக் குடித்துவிட்டன. மரம் உயிர் நீத்த பின்னும் நீரை உண்ணும், உண்டால் வீங்கும், உலர்ந்தால் சுருங்கும். ஒருபுறம் கூடவும் ஒருபுறம் குறையவும் உண்டால் வளையும். நான்கும் வளைந்தன, ஒன்றின் அடிப்பாதி பிளந்தும் போயிற்று. செம்மையுடையது செங்கோல், கோடியது, அதாவது வளைந்தது, கொடுங்கோல். வள்ளுவர் செங்கோன்மையை 55ஆம் அதிகாரமாகவும் கொடுங்கோன்மையை 56ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்ததன் அருமை, வளைந்த கோலால் ஒரு மாலை முழுவதும் ஆடிய பின்னரே எனக்கு உறைத்தது. நாம் ஒன்றை நினைத்துத் தள்ளுவோம்; கோல் வேறொன்றைச் செய்யும். பழி மட்டும் எம்முடையது.

நல்ல கோல் வாங்க எண்ணி விசாரித்தேன். மேனாட்டுக் கைவினைஞர் ஒவ்வொன்றாய்க் கடைந்து விற்கும் கோல்கள் உள. அவற்றின் விலையோ உபாத்தியாயர் ஒருவரின் பல மாத வேதனத்தை விழுங்கும். கடைகளிலே மலிவாய்க் கிடைப்பவை இயந்திரம் ஈன்றவை. மேலே பளபளப்பான மெழுகும் வண்ணக் கோலமும், உள்ளே எம்மரம் என்று எவரும் அறியார். மலிவும் வேண்டும், மனிதன் கையால் ஆனதாயும் இருத்தல் வேண்டும் என்றால் என் செய்வது? மேசையைச் சுற்றி நின்ற பையன்களுள் ஒருவன், “ஐயா, எங்கட தச்சப் பட்டறை அண்ணையிட்டக் கேட்டுப் பாருங்கோவன்” என்றான். அந்தப் பெயரைச் சொன்னதும் நான் சற்றே தயங்கினேன். அவர் என் பழைய மாணாக்கர்.

இற்றைக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது. வகுப்பிலே பனையைப் பற்றிப் பாடம் நடந்தது. பாடத்தில் இல்லாததொன்றைச் சொல்லி மாணாக்கரை வியப்பிக்கும் ஆசை அக்காலத்தில் எனக்கு மிகுதி. தொல்காப்பியர் மரபியலில் தாவரங்களை வகுத்த முறையை விளக்கினேன். வெளியே வைரம் உடையது புறக்காழ், அது புல். உள்ளே வைரம் உடையது அகக்காழ், அதுவே மரம். “ஆதலால் பனை மரமன்று, புல்” என்று முடித்தேன். பின்வரிசையிலிருந்த தச்சர் வீட்டுப் பையன் எழுந்தான். “ஐயா, பனை புல்லெண்டா அதில எப்பிடி வீட்டுக்கு வளை போடுறது?” என்றான். வகுப்பு சிரித்தது. என்னைப் பரிகசிக்கின்றான் என்று எண்ணி, அவனை வெளியே விறாந்தையில் நிறுத்தினேன். போதாக்குறைக்கு, “உனக்கு உளிதான் பொருத்தம், ஏடு பொருந்தாது” என்றும் சொன்னேன். சில மாதங்களின் பின் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தித் தகப்பனாரின் பட்டறைக்குப் போய்விட்டான். என் சொல்லால்தான் போனான் என்று துணிந்து கூற இயலாது. வீட்டு வறுமையும் இருந்தது. எனினும் என் சொல் அவனைத் தடுத்து நிறுத்தவில்லை என்பது திண்ணம்.

அவரிடந்தான் பிளந்த கோலைக் கொண்டு சென்றேன். அவர் மரியாதையாய் எழுந்து கதிரை தந்தார். கோலின் இரு பாதிகளையும் பித்தளைத் திருகினின்று கழற்றினார். மேற்பாதியை ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்தார். “மேல்துண்டு நல்ல மேப்பிள் ஐயா, கொஞ்சந்தான் கோணல், எடுத்துப்போடலாம். அடித்துண்டைப் புதிசாச் செய்வம். என்ன மரம் வேணும்?” என்றார்.

கோலின் அடிப்பகுதிக்கு உலகெங்கும் பெயர்பெற்ற மரங்களுள் ஒன்று கருங்காலி. அதிலும் இலங்கைக் கருங்காலி கருமையாலும் வழவழப்பாலும் பேர்போனது. நீரிலிட்டால் அமிழும் கனமுடையது. ஒல்லாந்தர் காலத்து மாளிகைகளில் இருந்த கரிய கதிரைகளும் கட்டில்களும் அதனால் ஆனவையே. எம் வறண்ட காடுகளில் வளரும் அம்மரம் மிக மெல்ல முதிர்வது. அருகிவிட்டமையால் இன்று சட்டத்தின் காவலில் இருப்பது. அதை நான் கேட்கவும் இல்லை. அவர் தருவதாகச் சொல்லவும் இல்லை. என் வீட்டு மாட்டுக் கொட்டிலில் கிடந்த பனங் கைமரங்கள் என் நினைவுக்கு வந்தன.

அவை என் பேரனார் கட்டிய வீட்டுக் கூரையில் இருந்தவை. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஊரொடு பெயர்ந்தபோது நாங்களும் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு நடந்தோம். திரும்பி வந்தபோது பூட்டு இருந்தது; கூரை இல்லை. இடிபாட்டினுள் முறியாது கிடந்த நாலைந்து கைமரங்களை எடுத்து அடுக்கி வைத்தோம். எதற்கென்று தெரியாமலே காத்து வைத்திருந்தோம். அவற்றுள் ஒன்றைத் தூக்கிச் சென்றேன்.

அவர் அதனை உளியால் ஓரிடத்திற் கொத்திப் பார்த்தார். கரிய நார்கள் எண்ணெய் பூசியனபோல் மின்னின. பிறகு மரத்தைத் திருப்பி அதன் மறுபுறத்தைக் காட்டினார். அங்கே நார் ஐதாகி, நிறம் வெளுத்து, நகத்தால் அழுத்தினாலே பதியும் மென்மை தெரிந்தது. “இது வெளிப்பக்கம் ஐயா, வைரம். இது உள்ளுக்க இருந்த பக்கம், சோத்தி. கருங்காலிக்கு இது மறுவளம். வைரம் நடுவில, வெள்ளை வெளியில. நீங்கள் அண்டைக்குப் படிப்பிச்சது இதுதானே?” என்றார்.

நான் வாளாவிருந்தேன். பகடியாகச் சொன்னாரல்லர், உண்மையாகவே கேட்டார். புறக்காழ், அகக்காழ் என்னும் சொற்களைப் பல்லாண்டு கற்பித்தவன் நான். ஒருபோதும் உளியால் தொட்டுப் பார்த்தவனல்லன். அன்று அவர் கேட்ட வினாவுக்கு விடை என்ன என்பதும் அப்பொழுதுதான் விளங்கிற்று. பனையின் புறத்தே உள்ள வைரத்தை மட்டும் பிளந்தெடுத்து, சோற்றியைச் செதுக்கி நீக்கி, அதனாலேயே வளை போடுகின்றார்கள். புல்லாயினும் வீட்டைத் தாங்குவது அதன் புறக்காழ். இலக்கணத்துக்கும் கூரைக்கும் முரண் இல்லை. இதைச் சொல்லியிருந்தால் வகுப்பு முழுவதுக்கும் அது பயன்பட்டிருக்கும். விடை தெரியாமையை மறைக்கவே வினாவியவனை வெளியே நிறுத்தினேன்.

“தம்பி, அன்றைக்கு உன்னை விறாந்தையில் விட்டது என் பிழை” என்றேன். அவர் மரத்தில் கோடு போட்டுக்கொண்டே, “அது போகட்டும் ஐயா. விறாந்தையில காத்து நல்லா வந்தது” என்றார். அவ்வளவில் அப்பேச்சு முடிந்தது.

வேலை முடிய இரண்டு மாதம் சென்றது. உழைத்த நாட்கள் மூன்றுதான். எஞ்சியவை காத்திருந்த நாட்கள். முதல் நாள் வைரப் பகுதியை ஒன்றரை அங்குலச் சதுரமாக அறுத்து, விளிம்புகளைச் சீவி எட்டுப்பட்டமாக்கி, நிழலிலே கயிற்றிற் கட்டித் தொங்கவிட்டார். அறுபட்ட மரம் தன் உள்ளிறுக்கம் நீங்கிச் சற்றே திரும்புமாம். திரும்புவதையெல்லாம் திரும்பி முடிக்கட்டும் என்று விடுவதே முறையாம். மூன்று கிழமையின் பின் கடைச்சலிலே ஏற்றிச் சிறிது கடைந்தார், மீண்டும் தொங்கவிட்டார். பனைநார் சிராய் சிராயாய்ப் பெயருமாதலால் உளியை அடிக்கடி தீட்டினார். இறுதி நாளில் பருமனை அளவுக்குக் கொணர்ந்து, பழைய பித்தளைத் திருகைப் பொருத்தி, தேய்த்து வழவழப்பாக்கி, ஆளிவிதை எண்ணெயை மும்முறை ஊட்டினார். முனைக்குப் புதிய தோல் ஒட்டி, நாணய விளிம்புபோல் குவித்து அராவினார். மொத்த நீளம் 58 அங்குலம். நிறை 21 அவுன்ஸ். முனையின் அகலம் 13 மில்லிமீற்றர். சர்வதேச விதி 25 அவுன்சுக்கு மேற்படலாகாது என்பதால், பனையின் கனத்தையும் விதி பொறுத்துக்கொண்டது. கூலியாக மூன்று நாட் சம்பளமும் தோலின் விலையும் கேட்டார். கூடக் கொடுக்க முயன்றேன். “கூலி கூலிதான் ஐயா” என்று மிச்சத்தைத் திருப்பித் தந்தார்.

கோல் வாங்க எண்ணும் இளைஞர்க்கு அவர் சொன்ன சோதனைகளை இங்கே தருகின்றேன். மேசையில் உருட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. அடியைக் கன்னத்தோடு அணைத்து, முனைவரை ஒரு கண்ணால் நோக்கி, கோலைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அடியிலிருந்து ஒன்றரையடி அளவில் ஒரு விரலிற் கிடத்தினால் கோல் துலாக்கோல் போல் சமநிலையில் நிற்றல் வேண்டும். இரு பாதிகளும் கூடுமிடத்தில் நகம் தட்டலாகாது. வண்ணத்தைக் கடைசியிற் பார்த்தால் போதும். வாங்கிய பின் சுவரிற் சார்த்தாமல் கிடையாக வைத்தலும், வெயிலிற் கிடக்கும் வாகனத்துள் விட்டுச் செல்லாதிருத்தலும் வேண்டும்.

இனி, ஆட்டம். கோல் செம்மையானதும் என் பிழைகள் மறைய இடமின்றி வெளிப்பட்டன. முன்பு குறி தவறினால் கோலின்மேற் பழி போடலாம். இப்பொழுது அந்த வாய்ப்பும் போயிற்று. பந்தின் நடுவிலே தொட்டதாக நான் நினைத்தபோதெல்லாம் ஒரு நெல்லளவு வலப்புறம் தொட்டுக்கொண்டிருந்தேன். பையன்கள் திருத்தினார்கள். “ஐயா, முழங்கையை ஆட்டாதேங்கோ” என்று என் மாணாக்கனொருவன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான். பிழை கண்டவுடன் வெளியே நிறுத்தாமல், பக்கத்தில் நின்று கற்பிக்கும் ஆசிரியனை அன்று கண்டேன்.

கோல் முனையிலுள்ள அச்சிறு தோலின் பெருமை பேசத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிங்கோ என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர் சிறையிலிருந்தபோது அதனைப் பொருத்தி ஆடிப் பழகினார் என்று இவ்வாட்ட வரலாற்றில் கூறுவர். வெறும் மரமுனை பந்தின் ஓரத்தைத் தொட்டால் வழுக்கும். தோலும் அதிற் பூசிய நீலக்கட்டியும் பற்றிக்கொள்ளும். பற்றினால் பந்துக்குச் சுழற்சி பிறக்கும். 1835ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித மேதை கொரியோலிஸ் இவ்வாட்டத்தின் கணிதத்தை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். தளத்திலிருந்து பந்தின் விட்டத்தில் பத்தில் ஏழு பங்கு உயரத்தில் கோல் தொட்டால், பந்து வழுக்காமல் தொடக்கத்திலேயே உருளும். நடுச்சுழற்சியின்றிச் சென்ற வெண்பந்து மற்றொன்றின் பக்கத்தில் மோதினால், இரண்டும் நேர்கோணத்திற் பிரியும். அதனைத் தமிழிலே செங்கோணம் என்கின்றோம். கோல், கோணம், ஆட்சி எல்லாவற்றுக்கும் நம் முன்னோர் வேண்டியது ஒரே செம்மை போலும்!

கோல் வந்து இப்பொழுது ஒரு மாரி கழிந்துவிட்டது. தை பிறந்ததும் அதனை எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றேன். அவர் முன்போலவே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, “நீங்களே பாருங்கோ ஐயா” என்றார். பார்த்தேன். முனைவரை ஒரே கோடு. என் பேரனாரின் கூரை எழுபது ஆண்டு வெயிலும் மழையும் கண்டு, பின்னர் கொட்டிலிலும் கிடந்து, வளைவதற்குரியதையெல்லாம் முன்பே வளைந்து முடித்திருந்தது.

பட்டறையில் அன்று புதிய கையொன்று வேலை செய்யக் கண்டேன். முதன்முதலில் அவர் பெயரைச் சொன்ன அதே பையன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரையில் கடைச்சல் பழக வந்திருந்தான். நிலையத்தின் மற்றை மூன்று கோல்களுக்கும் அடித்துண்டு செய்வது அவனுடைய முதல் வேலை. மீதிக் கைமரங்களை நானே அனுப்பிவைத்தேன். “படிப்பைக் கெடுக்கிறேன் எண்டு நினைக்காதேங்கோ ஐயா” என்றார் அவர். படிப்பு எங்கே நடக்கின்றது என்பதில் இப்பொழுது எனக்கு முன்போலத் துணிவில்லை என்றேன்.

அடுத்த தவணையில் பனையைப் பற்றிய பாடம் வருகின்றது. இம்முறை கைமரத் துண்டொன்றையும் கருங்காலிச் சில்லொன்றையும் மேசைமேல் வைத்துத் தொடங்க எண்ணியுள்ளேன். விளக்கஞ் சொல்ல அவரையும் வகுப்புக்கு அழைத்திருக்கின்றேன். வருவதாகச் சொல்லியிருக்கின்றார். அன்றைக்கு விறாந்தையில் நிற்பது யாரென்றால், அவர் சொல்லி முடிக்கும்வரை, நான்தான்.